ஹாலில் திறந்த டிபன் பாக்ஸ்

மந்தைவெளியில் எங்களுக்குப் பிடித்த வீடு கிடைத்தபோது, வீட்டுக்காரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார். முன்பு குடியிருந்த பெரியவர் தனி ஆள். ஹாலில் இறந்து, நான்கு நாள் கழித்துத்தான் கதவை உடைத்திருக்கிறார்கள்.

எனக்குச் சாவைப் பற்றிப் பயமில்லை. தரைதான் பயம். மகளுக்கு எட்டு மாதம். தவழத் தொடங்கியிருந்தாள், கைக்கு அகப்பட்டதெல்லாம் வாய்க்குள் போகும்.

இதற்கென்றே உள்ள சுத்தம் செய்கிற குழு வரும் என்றார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். முதல் நாளே சாவி வாங்கிப் போய், ஒரு முழு பாட்டில் பினாயிலை ஊற்றிவிட்டு வந்தேன். பொறுப்பாக நடந்துகொண்டதாக நினைப்பு.

மறுநாள் மூன்று பேர் வந்தார்கள். மூத்தவரான அக்கா முகக்கவசத்தை இறக்கி மூச்சை இழுத்தார், இடுப்பில் கைவைத்தார்.

“பினாயில் ஊத்துனது யாரு?”

“நான்தான்க்கா. குழந்தை இருக்கா, அதான்…”

“இன்னாம்மா நீ! எங்க வேலையே மூக்குலதான் கீது. நாத்தம் எங்கேர்ந்து வருதோ அங்கதான் டைல்ஸ பேர்க்கணும். இப்ப வூடே ஆஸ்பத்திரி மாரி கமகமக்குது.”

கூட வந்தவர் சிரித்தார். “போலீஸ் நாய் ரிட்டையர் ஆனா எங்க அக்காவத்தான் கூப்புடுவாங்க.”

“போடா, பைய எடு.”

ஜன்னல்களைத் திறந்து போட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார்கள். உடல் முழுக்க மூடிய வெள்ளை உடை. பெரியவர் கிடந்த மெத்தையை வெட்டி மஞ்சள் பைகளில் கட்டினார்கள். அக்கா தரையோடு குனிந்து மோந்து, ஆறு டைல்ஸைக் காட்டினார். மேலே துடைத்தாலும் உடலிலிருந்து கசிந்தது இடுக்கு வழியாக அடியில் இறங்கிவிடுமாம். பெயர்த்து, அடித்தரையைச் சுரண்டி, மருந்தில் ஊறவிட்டுக் கழுவினார்கள்.

பிறகு அக்கா உடையைக் கழற்றி, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, அதே இடத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். வேலை முடிந்தால் அங்கேயே சாப்பிடுவது அவர்கள் வழக்கம்.

ஒரு வாய்கூட வைக்கவில்லை. மூடிவிட்டார்.

“சோறு எறங்கல, இன்னும் நாத்தம் வருது. செவுத்தோரம் இன்னொரு டைல்ஸ் கீது, பேத்துடுடா.”

வீட்டை வேண்டாமென்று சொல்லிவிடலாமா என்று இரவெல்லாம் யோசித்தேன். விடிந்ததும், நான்தான் அவசரப்படுகிறேனோ என்றும் தோன்றியது.

புது டைல்ஸ் பதித்துக் காய்ந்த அன்று மகளையும் தூக்கிப் போனேன், வாசலோடு திரும்பிவிடலாம் என்று. உள்ளே, கடைசியாக ஒருமுறை பார்க்க வந்திருந்த அக்கா சம்மணமிட்டுத் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த கவளம், அதற்கடுத்த கவளம். மாவடுவைக் கடிக்கும் சத்தம் வாசல் வரை கேட்டது.

இடுப்பிலிருந்து மகள் நழுவினாள். இறக்கிவிட்டேன். நேராக அக்காவிடம் தவழ்ந்து போய், தரையில் சிந்திய பருக்கை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். ஸ்பூனைக்கூட வெந்நீரில் போட்டெடுக்கும் நான் பாய்ந்தேன், பாதியில் நின்றேன்.

“பாப்பாக்கு எறங்கிச்சும்மா,” என்றார் அக்கா. “உனக்கு?”

சிரிப்பு வந்துவிட்டது. கணவருக்குப் போன் செய்து, பால் காய்ச்சப் புதுப் பாத்திரம் வாங்கி வரச் சொன்னேன்.