இரண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் நடுவே

காயாரோகணம் வாழைப்பழத்தைத் தோலோடுதான் தின்கிறார். காம்பை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு, கசப்பு மருந்து குடிப்பவர்போல் முகத்தைக் கோணிக்கொண்டு மெல்லுகிறார். "சத்தெல்லாம் தோல்லதான் இருக்காம் பாப்பா. கோழிக்கடைக்காரன் சொன்னான்" என்கிறார். அந்தக் கோழிக்கடைக்காரர் நாள் முழுக்கத் தோலை உரித்து எறிபவர் என்பதை நான் அவருக்கு நினைவூட்டவில்லை.

நாகப்பட்டினம் துறைமுகத்தில் விடியலில் மீன் ஏலம் விடுபவர் அவர். எங்கள் தெருக்காரர், எனக்குச் சித்தப்பா முறை. ஒல்லியான உடம்பு. வயிறு மட்டும் யாரிடமோ இரவல் வாங்கியதுபோல் முன்னால் நிற்கும். "ஒரு தரம்" என்று அவர் குரல் எடுத்தால் காக்கைகள் எழும்பிப் பறக்கும். அந்தக் குரலுக்கு அடியில் நாள்கணக்காக அடைத்துக் கிடக்கும் வயிறு ஒன்று இருப்பது துறைமுகம் முழுக்கத் தெரியும். காரணம், அவரேதான். காலையில் யாராவது "நல்லாருக்கீங்களா?" என்று கேட்டால், எல்லாரையும்போல் தலையாட்டிவிட்டுப் போக மாட்டார். "இன்னும் இல்ல" என்பார்.

விளக்கெண்ணெய், கடுக்காய்ப் பொடி, உலர்ந்த திராட்சை ஊறிய தண்ணீர், டிவியில் வரும் சூரணம் என்று எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. ஒவ்வொன்றின் மேலும் ஒரு வாரம் அசையாத நம்பிக்கை வைப்பார். அடுத்த வாரம் அதன் பெயரைச் சொன்னாலே கோபம் வரும். அவர் மனைவி எல்லையம்மாள் சித்தி சொல்வாள்: "எங்க வீட்டு மனுசனுக்கு எறக்குமதி மட்டுந்தான் பாப்பா. ஏத்துமதியே கெடையாது."

அம்மா துறைமுகத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவள். அவளுக்குக் கூடை தூக்க நானும் போவேன். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது, ஊட்டச்சத்துப் படிப்பு. வேலைதான் இன்னும் கிடைக்கவில்லை. ஆகவே சித்தப்பாவின் வயிறு என் கைக்கு வந்தது. நார்ச்சத்து பற்றி நான் பேசப் பேசப் பயபக்தியோடு கேட்டார். மறுநாளே இசப்கோல் உமி வாங்கி, அரை டம்ளர் டீயில் குழைத்து விழுங்கினார். "நீ சொன்னது உள்ள போயி சிமெண்டு மாதிரி செட்டாயிடுச்சு" என்று வந்து நின்றார்.

"தண்ணி நெறைய குடிக்கச் சொன்னேனே சித்தப்பா?"

"குடிச்சா ஒதுங்கணும். ஒதுங்கப் போனா ஏலத்த யாரு விடுறது, உங்க காலேஜா?"

நான் படித்த புத்தகத்தில் எவ்வளவு தண்ணீர் என்று இருந்தது. குடித்தவர் எங்கே, எப்போது போவார் என்று இல்லை. இல்லையே என்று கேட்கவும் எனக்குத் தோன்றியதில்லை. அதுதான் உறுத்துகிறது.

வெளிக்குப் போகவேண்டும் என்ற உணர்வு அவருக்கு வராமல் இல்லை. ஏலம் சூடுபிடிக்கும் நேரம் பார்த்து வரும். பல்லைக் கடித்து அடக்கிவிடுவார். வேலை முடிந்து வீட்டில் போய் உட்கார்ந்தால் அது கோபித்துக்கொண்டு போயிருக்கும். நடுவில் விட்டுவிட்டுப் போகலாமே என்றால், தூணோரமாக நிற்கும் செழியனைக் கண்ணால் காட்டுவார். ஏலம் கற்றுக்கொள்ள வந்த இளைஞன், எந்நேரமும் தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பான். "அவன் தொண்டையில ஒரு கோளாறும் இல்ல. என் வயிறு எப்பக் கலக்கும்னு பாத்துக்கிட்டு நிக்கிறான். ஒரு குவியல் அவன் கைக்குப் போச்சுன்னா படகுக்காரங்க என்னைய மறந்துருவாங்க."

போன மாதம் ரத்தம் போயிற்று. பயந்துபோய் டாக்டரம்மாவிடம் போனார். துணைக்கு நானும் போனேன். டாக்டரம்மா அதட்டினார்: "மாத்திரையெல்லாம் அப்புறம். வரும்போது போங்க, அதான் முதல் மருந்து. அடக்கி அடக்கிக் குடலே மறந்துபோச்சு. இன்னும் முக்கிக்கிட்டே இருந்தீங்கன்னா மூலத்துக்கு ஆபரேஷன். அப்புறம் கொஞ்ச நாளைக்குக் கத்தவே கூடாது."

வெளியே வந்ததும் சித்தப்பா சொன்னார்: "போனாலும் செழியன், போகாட்டியும் செழியன்."

ஆனாலும் தண்ணீர் குடிக்கத் தொடங்கினார், மூக்கைப் பிடித்துக்கொண்டு. கால் உயரமாக இருந்தால் சுலபம் என்று டாக்டரம்மா சொன்னதற்காக, வீட்டுக் கழிப்பறையில் மீன்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறார். கொய்யாவும் கீரையும் சாப்பிடுகிறார். நாலு தெரு நடக்கிறார். அந்த விடியல் நேரத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

சனிக்கிழமை பெரிய வஞ்சிரக் குவியல் ஒன்று வந்தது. வியாபாரி இப்ராஹிமும் வெளியூருக்கு மீன் அனுப்பும் இராஜாங்கமும் விடாமல் மோதினார்கள். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்ற சித்தப்பா, அப்படியே நின்றுவிட்டார். கண்கள் வானத்தில் எதையோ தேடின.

ஏலக்காரர் மூன்றாம் தரத்தைச் சொல்லாமல் நின்றால், விலை போதவில்லை என்று அங்கே பொருள். இப்ராஹிம் விலையை ஏற்றினார். சித்தப்பா உதட்டைக் கடித்தார். அது இராஜாங்கத்துக்கு ஏளனமாகப் பட்டிருக்க வேண்டும். அவரும் ஏற்றினார். சித்தப்பா மெல்ல ஒரு காலை இன்னொரு காலோடு பின்னிக்கொண்டார். விலை இன்னும் ஏறியது.

"என்னா நெஞ்சழுத்தம் பாரு மனுசனுக்கு!" என்றாள் அம்மா.

படகுக்காரருக்கு வாயெல்லாம் பல். "விட்டுறாதீங்கண்ணே! அப்புடியே நில்லுங்க!" என்று கெஞ்சினார்.

சித்தப்பாவின் நெற்றியில் வியர்வை பூத்தது. தூணை விட்டு நகர்ந்து செழியன் முன்னால் வந்தான். தொண்டையைச் செருமினான்.

சித்தப்பா அவனை ஒருமுறை பார்த்தார். கோடியில் இருந்த கழிப்பறையை ஒருமுறை பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, பஸ்ஸில் சீட்டுப் பிடிப்பவரைப்போல வஞ்சிரக் குவியலின் மேல் விரித்துப் போட்டுவிட்டு, விறுவிறுவென்று நடந்தார்.