மதியமானால் நின்றுபோகும் கம்ப்யூட்டர்

"மறுபடியும் வந்து நிக்கிறேன். காலையில நல்லாத்தான் ஓடுது, மத்தியானம் ஆனா செத்துப்போகுது. உங்களுக்குக் கை வராதுன்னா சொல்லிடுங்கம்மா, வேற ஆளைப் பாத்துக்கறேன்!"

போட்டோ ஸ்டூடியோக்காரர் இதைக் கம்ப்யூட்டர் கடை நிறைய ஆள் இருக்கும்போது சொன்னார். சின்னவளுக்குக் காது மடல்வரை சுட்டது. கல்லாவில் இருந்த அவள் வீட்டுக்காரர் குனிந்து சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார்.

பிறந்த வீட்டில் கடைக்குட்டி என்பதால் அவள் சின்னவள். 286 என்ற பழைய பிராசஸர் ஓடிய காலத்திலேயே ஸ்க்ரூட்ரைவர் பிடித்த கை அது. 286க்கு வேகம் பன்னிரண்டு மெகாஹெர்ட்ஸ். 386 முப்பத்து மூன்றைத் தொட்டது. 486 வந்தபின் மதர்போர்டு ஒரு வேகத்தில் ஓட, பிராசஸர் உள்ளுக்குள் அதைப்போல் இரண்டு மடங்கு ஓடியது. அதற்கடுத்து வந்த பிராசஸருக்கு எண் போய்ப் பெயர் வந்தது. எதற்கு எத்தனை வோல்ட் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அப்படிப்பட்டவளைப் பார்த்துத்தான் கை வராது என்றார்.

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. டைப்பிங் சென்டரிலும் அச்சகத்திலும் இதே புகார். சின்னவள் மெமரியை மாற்றினாள், பவர் சப்ளையை மாற்றினாள், மின்விசிறியையும் மாற்றினாள். பிராசஸரை மட்டும் சந்தேகிக்கவில்லை. எது கெட்டாலும் பிராசஸர் கெடாது என்பது ரிப்பேர்காரர்கள் எல்லாருக்கும் ஊறிப்போன நம்பிக்கை.

இந்தத் தடவை கோபத்தில் அதையும் கழற்றினாள். மேலே ஒட்டியிருந்த, சூட்டைக் கடத்தும் பசையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அழுத்தித் துடைத்தாள். பசையோடு, வேகத்தைச் சொல்லும் 166 என்ற எழுத்தும் பஞ்சுக்கு வந்துவிட்டது. கம்பெனி அச்சு ஸ்பிரிட்டுக்கு அழியாது. அடியில் யாரோ உரசித் தேய்த்த கீறல்கள், அவற்றுக்குள் 133 என்ற பழைய அச்சின் தடம்.

அந்தக் காலத்துப் பிராசஸருக்குச் சொந்த புத்தி கிடையாது. மதர்போர்டில் ஜம்பர் என்று ஒரு குட்டித் தொப்பி உண்டு. அதை எந்த ஊசிகளில் மாட்டுகிறோமோ அந்த வேகத்தில் ஓடும், உடம்பு தாங்கினாலும் தாங்காவிட்டாலும். தாங்காத வேகத்தில் ஓட்டினால் சூடேறி, மத்தியான வெயிலில் நின்றுவிடும். சின்னவள் ஜம்பரை 133க்கு இறக்கி மாட்டினாள். வெயில் ஏறி, சாய்ந்து, கடை விளக்குப் போடும்வரை கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

கடைக்குப் பிராசஸர் சரக்குக் கொடுப்பவன் வேறு யாருமில்லை, அவள் கொழுந்தன். கூப்பிட்டனுப்பினாள். சிரித்துக்கொண்டே வந்தான்.

"என்ன அண்ணி, அவசரமா?"

அவள் பஞ்சை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இது என்னன்னு படி."

சிரிப்பு நின்றது. "மார்க்கெட்ல எல்லாரும் பண்றதுதான் அண்ணி. அதே பிராசஸர்தான், கொஞ்சம் வேகமா ஓட்டறோம், அவ்வளவுதான்."

"உன் ஸ்கூட்டர்ல பஸ்னு எழுதி ஊரையே ஏத்துவியா?"

வீட்டுக்காரர் இடையில் புகுந்தார். "விடு, நான்தான் சரின்னேன். ஓடும்னு சொன்னான். வெளிய தெரிஞ்சா கடை பேரு போயிடும்."

சின்னவள் மெதுவாகத் திரும்பினாள். "ஓ, தெரிஞ்சேதானா? நான் நாயா அலைஞ்சு மாத்தினப்பவும் பாத்துட்டுத்தான் இருந்தீங்க. அந்த ஆள் என் கையைச் சொன்னப்பவும். கடைக்குப் பேரு, எனக்கு ஏச்சு! நல்லா இருக்கு உங்க பங்கு பிரிக்கிற லட்சணம்!"

சின்னவள் கருவிப் பையை எடுத்துக் கொழுந்தன் தோளில் மாட்டினாள்.

"நட."

"எங்க அண்ணி?"

"உன் சரக்கு போன இடத்துக்கெல்லாம். வரலைன்னா மார்க்கெட் நடுவுல நின்னு உன் பேரைச் சொல்லிக் கத்துவேன். எனக்கு வெக்கம் கிடையாது, தெரியுமில்ல?"

தெரியும். நடந்தான்.

ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரை வைத்து, பூட்டி, ஓட்டிக் காட்டினாள். திரையில் 133 என்று வந்ததும் ஸ்டூடியோக்காரர் துள்ளினார். "நூத்தி அறுபத்தாறுன்னு சொல்லித்தானே வித்தீங்க?"

"பொய் சொல்லி வித்தது. அது 133தான், எப்பவுமே. இனிமே நிக்காது. வேணாம்னா கடையில திருப்பி எடுத்துக்கறோம்."

"அப்ப இத்தனை நாள் என்னை..." அவருக்கு மூச்சு வாங்கியது. பின்னால் பையோடு நிற்பவனைப் பார்த்தார். "இது யாரு?"

"என் கொழுந்தன். எழுத்தை மாத்தி வித்தவரு இவருதான்," என்றாள் சின்னவள், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டே. "அன்னைக்குக் கடையில என்னை என்னவோ சொன்னீங்களே, அதை இவர்கிட்ட முதல்லேருந்து சொல்லுங்க. நான் இருந்து கேட்டுட்டுப் போறேன்."