சிவப்பைத் தொட்ட குரல்

மட்டக்களப்பு நகரில் கசெட் பதிந்து கொடுத்த காலத்திலிருந்தே நல்லரத்தினத்துக்கு ஒரு பழக்கம். பதியும்போது ஒலியளவு முள் சிவப்பைத் தொடவேண்டும். அப்போதுதான் நாடாவின் இரைச்சல் அடங்கும், கலியாண வீட்டு ஸ்பீக்கரிலும் பாட்டு எடுபடும். கடைக்குக் கொம்பியூட்டர் வந்தபிறகும் கை மாறவில்லை. நாடா கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். கொம்பியூட்டரோ சிவப்புக்கு மேலே போன ஒலியை வெட்டி எறிந்துவிடும்.

2004 மார்கழியில் டச்பார் கடற்கரையிலிருந்து தச்சுவேலை செய்யும் கிறிஸ்டியன் ஓர் இசைத்தட்டோடு வந்தார். இளவயதில் கொழும்பில் அவரே பாடிப் பதிந்தது. ஒரேயொரு பிரதி. நத்தார்ப் பண்டிகைக்கு மனைவி லொறெய்னிடம் சீடியாகக் கொடுக்க ஆசை.

பதிந்து முடித்துப் போட்டுக் கேட்டபோது, குரல் உயரும் இடமெல்லாம் கரகரத்தது. அளவைக் குறைத்து மறுபடி பதிந்து பார்க்கலாமே என்று நல்லரத்தினத்துக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் கடை நிறைய நத்தார்க் கூட்டம்.

"தட்டில கீறல் கிடக்கு அண்ணன். நான் என்ன செய்ய?"

"அது எண்ட மூத்தவன் றெஜிட வேல," என்று கிறிஸ்டியன் சிரித்தார். "சின்னனில ஆணியால கீறிப்போட்டான், கள்ளன்."

நத்தாருக்கு மறுநாள் கடல் ஊருக்குள் வந்தது. கிறிஸ்டியனையும் தட்டையும் கொண்டுபோனது. லொறெய்ன் தேவாலயப் பூசைக்குப் போயிருந்ததால் தப்பினார். சீடியை அவருடைய தங்கை ஐறிஸ் முதல்நாளே நகரத்திலிருந்த தன் வீட்டுக்கு வாங்கிப்போயிருந்தாள்.

சீடி தேயத் தேய லொறெய்ன் புதுப் பிரதி கேட்டு வருவார். வரும்போதெல்லாம் தட்டைக் கீறியதற்காக மெல்பனிலிருக்கும் மகன் றெஜிக்கு ஏச்சு விழும். நல்லரத்தினம் தலை குனிந்துகொண்டு பதிந்து கொடுப்பார்.

யுத்தம் முடிந்த 2009இல், பதினொரு வருசமாக வெளிநாட்டிலேயே இருந்த றெஜி ஊருக்கு வருவதாக இருந்தது.

"அவன் வாறதுக்கு முதல் அந்தக் கீறல எடுத்துத் தா தம்பி," என்றார் லொறெய்ன். "அதக் கேட்டா எண்ட வாய் சும்மா இருக்காது. வந்த புள்ளையோட சண்டைதான் வரும்."

புதிய மென்பொருளொன்றை வைத்து நல்லரத்தினம் இரண்டு நாள் மினக்கெட்டார். திரையில் எல்லாம் தெரிந்தது. கீறல் என்றால் ஊசிபோல ஒற்றைக் கோடாக நிற்கும். இங்கே வேலி மரங்களை ஒரே மட்டத்தில் வெட்டியதுபோலக் குரலின் உச்சியெல்லாம் தட்டையாக இருந்தது. வெட்டுப்பட்டதை மென்பொருள் ஊகித்து நிரப்பியது. கரகரப்புக் குறைந்தது. ஆனால் பாடுவது கிறிஸ்டியன் மாதிரி இல்லை.

மூன்றாம் நாள் வந்த லொறெய்னை உட்காரவைத்துத் திரையைக் காட்டினார்.

"இது கீறல் இல்ல அக்கா. நான் சத்தத்தக் கூட்டி வச்சுப் பதிஞ்ச பிழை. கீறலும் இருந்ததுதான். ரெண்டு இடத்தில டிக் எண்டு கேக்கும், அவ்வளவுதான்."

"எப்ப தெரியும் உனக்கு?"

"அண்டைக்கே சந்தேகம்."

"அவர் கடைக்குள்ள நிக்கக்குள்ளயா?"

"ஓம்."

"தட்டும் உண்ட கையில கிடக்கக்குள்ள."

லொறெய்ன் அழவுமில்லை, ஏசவுமில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்து நம்பரை அழுத்தி, மணி போவதைக் கேட்டதும் நல்லரத்தினத்திடம் நீட்டினார்.

"அந்தப் புள்ளைய எவ்வளவு ஏசிப்போட்டன். நீயே சொல்லு."

"என்ன மம்மி, திரும்பவும் அந்தத் தட்டா?" என்றது மறுமுனை, அலுப்போடு.

நல்லரத்தினம் போனைக் காதோடு சேர்த்துப் பிடித்தார்.

"மம்மி இல்ல தம்பி. றெக்கோடிங் கடை நல்லரத்தினம். ஓம், அந்தத் தட்டப் பத்தித்தான்."