தபாலில் வந்த கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் என்ற ஒன்றைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, ஒரு வருஷத்துக்கு மேல் நான் அதற்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது இதைச் சொன்னால் என் மகளே சிரிக்கிறாள். எண்பதுகளின் நடுவில் விழுப்புரத்தில் கணிதம் படித்த பெண்ணுக்கு வேறு வழி இருக்கவில்லை. மெஷின் சென்னையில் இருந்தது. நான் இங்கே இருந்தேன். நடுவில் தபால்காரர் இருந்தார்.

எங்கள் ஊர் கிளியனூர்ப் பக்கம். காலையில் பஸ் பிடித்துத் திண்டிவனம், அங்கிருந்து பாசஞ்சர் ரயிலில் விழுப்புரம், சாயங்காலம் அதே வழியில் வீடு. அப்பாவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் இருந்தது. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும் கேப்பையும் போடுவார். என்னோடு பள்ளிக்கூடம் போன பெண்களுக்கெல்லாம் கல்யாணம் ஆகி, கையில் பிள்ளையோடு ஊருக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் எனக்குப் பேச ஒன்றும் இருக்கவில்லை. காலேஜிலோ, வகுப்பு முடிந்த கையோடு ரயிலுக்கு ஓடுகிறவளிடம் யாரும் நின்று பேசுவதில்லை.

இரண்டாம் வருஷம் தொடங்கியபோது எங்கள் பேராசிரியர் ஒருவர் சென்னையில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். அங்கே ஒரு நிறுவனம் தபால் வழியாகப் புரோகிராமிங் சொல்லித் தருகிறது, பாடம் வீட்டுக்கே வரும், நாம் எழுதி அனுப்பினால் அவர்கள் மெஷினில் ஓட்டி விடையை அனுப்பிவைப்பார்கள் என்றார். கணக்குப் படித்தவர்களுக்கு இனிமேல் வேலை இதில்தான் என்றும் சொன்னார். வகுப்பில் ஏழெட்டுப் பேர் சேர்ந்தோம். மற்றவர்கள் வேலைக்காகச் சேர்ந்திருப்பார்கள். நான் சேர்ந்தது அவர் கொண்டுவந்து காட்டிய விளம்பரத் தாளில் இருந்த படத்துக்காக. ஒரு பெண் பெரிய பீரோ போன்ற மெஷினுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாருமே இல்லை. அவள் முகத்தில் அதைப் பற்றிய வருத்தமும் இல்லை.

பாடத்தோடு கட்டம் கட்டமாக அச்சடித்த தாள்கள் வந்தன. கோடிங் ஷீட் என்று பெயர். ஒரு கட்டத்தில் ஓர் எழுத்துதான் எழுத வேண்டும். ஏழாவது கட்டத்தில்தான் வாக்கியம் தொடங்க வேண்டும், ஒரு கட்டம் தள்ளிப்போனாலும் மெஷினுக்குப் புரியாது. ஆங்கில ‘ஓ’வுக்கும் பூஜ்யத்துக்கும் குழப்பம் வராமலிருக்க, பூஜ்யத்துக்குள் குறுக்கே ஒரு கோடு போட வேண்டும். நாங்கள் எழுதி அனுப்புவதை அங்கே ஒருவர் பார்த்து அட்டையில் ஓட்டை ஓட்டையாகப் பஞ்ச் செய்வார். அந்த அட்டைகளைத்தான் கம்ப்யூட்டர் படிக்கும்.

மூன்று எண்களுக்குச் சராசரி கண்டுபிடிப்பதுதான் முதல் புரோகிராம். அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். வாரங்கள் போன பிறகு ஒரு நீளமான உறை வந்தது. உள்ளே அகலமான தாள், இரண்டு ஓரத்திலும் துளைகள், வெளிர்பச்சைக் கோடுகள். நான் எழுதியதையெல்லாம் அச்சடித்து, கீழே ஒரே வரி. ஓரிடத்தில் கமா விட்டுப்போயிருக்கிறது. சராசரி வரவில்லை.

எல்லோருக்கும் அப்படித்தான் வந்தது. ஒருவன் போலீஸ் செலக்‌ஷனுக்குப் போனான். மூன்று பேர் சேர்ந்து, இது நமக்கு ஆகாது, பேங்க் பரீட்சைக்குப் படிக்கலாம் என்று விலகினார்கள். தீபாவளிக்குள் நான் ஒருத்திதான் மிஞ்சினேன். சந்தேகம் கேட்கப் பேராசிரியரிடம் போனேன். தாளை வெகுநேரம் பார்த்தார். பிறகு நல்ல மனிதராகவே உண்மையைச் சொன்னார்.

“அந்த ட்ரெயினிங்ல எங்களுக்கும் போர்டுலதான்மா எழுதிக் காட்டினாங்க. இதுக்கு மேல எனக்குத் தெரியாது.”

அன்றைக்கு ரயிலில் வரும்போது, விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இதைப் பற்றிப் பேச இன்னோர் ஆள் கிடையாது என்பது புரிந்தது. முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி என்று ஸ்டேஷன்கள் வந்து போயின. பெட்டியில் கூட்டம் தாங்கவில்லை. அவ்வளவு பேருக்கு நடுவில் யாரிடமும் ஒரு வார்த்தைகூடக் கேட்க முடியாமல் மடியில் அந்தத் தாளை வைத்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு தப்புக்கும் வாரக்கணக்கில் காத்திருக்க முடியாது. அதனால் நானே மெஷினாகிவிட்டேன். வீட்டில் தரையில் சாக்பீஸால் கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஏ, பி, சி என்று பெயர் வைப்பேன். உரித்த மல்லாட்டைப் பருப்புகள்தான் எண்கள். புரோகிராமை ஒரு வரி படித்து, அது சொன்னபடி பருப்பை எடுத்து மாற்றிப் போடுவேன். ‘ஏ’யில் இருப்பதை ‘பி’யில் போடு, ‘பி’ பெரியதாக இருந்தால் இருபதாம் வரிக்குப் போ. மெஷினுக்கு யோசிக்கத் தெரியாது என்று பாடத்தில் எழுதியிருந்தது. அதனால் நானும் யோசிக்காமல் செய்யப் பழகினேன். அதுதான் கஷ்டமாக இருந்தது. ஆனால் பழகியபின் என் தப்புகள் எனக்கே தெரிய ஆரம்பித்தன.

வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிச் செய்வேன். ரயிலில் பருப்பு இல்லாமல் விரல்களை மடக்கிக்கொண்டு முணுமுணுப்பேன். யாரோ பார்த்துவிட்டு அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அம்மா ஏற்கெனவே பயந்துபோயிருந்தாள். அப்பாவிடம் அவள் சொல்வது அடுப்படியிலிருந்து எனக்குக் கேட்டது.

“தனியா பேசிக்கினே கீதுங்க. வயசுப் பொண்ணு. நாளைக்கு யாருனா ஒண்ணு சொன்னா?”

அடுத்த அமாவாசைக்கு, பேய் பிடித்தவர்களைக் கூட்டிப்போகும் மேல்மலையனூர்க் கோயிலுக்கு என்னையும் கூட்டிப்போனாள். நான் மறுக்கவில்லை. கோயிலைச் சுற்றி எள் போட்டால் விழாத கூட்டம். தலையை விரித்துப்போட்டு ஆடுகிறவர்கள், அழுகிறவர்கள், யாரையோ திட்டுகிறவர்கள். அம்மா என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தாள். எனக்கோ முந்தின நாள் பாதியில் நின்ற புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. அதை முணுமுணுத்தபடியே நின்றேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஒரு வருஷத்தில் வெளியிடத்தில் நான் நிம்மதியாகப் புரோகிராம் போட்டது அங்கேதான். எங்கே தப்பு என்றும் அங்கேயே தெரிந்துவிட்டது. திரும்பும்போது என் முகம் தெளிந்திருந்ததைப் பார்த்து அம்மாவுக்கு ஏக சந்தோஷம்.

அதற்குப் பிறகு வந்த ஓர் உறையில்தான் பென்சில் எழுத்தை முதன்முதலாகப் பார்த்தேன். தாளின் ஓரத்தில், பொடிப்பொடியாக, தமிழில். பன்னிரண்டாம் வரியில் ஒரு அடைப்புக்குறி குறைகிறது, சேர்த்து மறுபடி ஓட்டியாகிவிட்டது, விடை அடுத்த தாளில். கையெழுத்து இல்லை, பெயர் இல்லை. அடுத்த தாளில் நூறு வரையுள்ள பகா எண்கள் வரிசையாக வந்திருந்தன. நான் கேட்ட கேள்விக்கு மெஷின் சொன்ன முதல் சரியான பதில். அதைவிட அந்தப் பென்சில் வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். யாரோ ஒருவர் நான் எழுதியதைப் படித்திருக்கிறார்.

பிறகு அநேகமாக ஒவ்வொரு உறையிலும் அப்படி ஏதாவது இருந்தது. சில சமயம் வெறும் ‘சரி’. கண்ணாடி போட்ட, தலை நரைத்த ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து என் தாளைத் திருத்துவதாக நானே கற்பனை செய்துகொண்டேன். அவருக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்பதற்காக எழுத்தை இன்னும் திருத்தமாக்கினேன்.

படிப்பின் முடிவில் சென்னையில் செய்முறைத் தேர்வு. அப்பா வேட்டி சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு கூடவே வந்தார். அந்தக் கட்டடத்து வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. அதன் கீழே துண்டை விரித்து உட்கார்ந்து, நான் இங்கியே கீறேன், நீ போய் எழுதிட்டு வா என்றார்.

உள்ளே மெஷினுக்காகப் போட்ட ஏசியில் எலும்பு வரை குளிர்ந்தது. செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். வரிசையாக டெர்மினல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு திரையும் எழுத்துப் பலகையும். கோடிங் ஷீட், அட்டை எல்லாவற்றையும் அந்த வருஷத்தோடு நிறுத்துகிறார்களாம். இனி அவரவர் புரோகிராமை அவரவரே டைப் செய்ய வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை. மற்றவர்கள் சென்னைப் பிள்ளைகள், டைப் அடிக்கத் தெரிந்தவர்கள். உட்கார்ந்ததுமே படபடவென்று சத்தம் கிளம்பியது.

என் முன்னால் இருந்த பலகையில் எழுத்துகள் தாறுமாறாக இருந்தன. ஏ-வுக்குப் பக்கத்தில் எஸ் இருந்தது. நான் வாழ்நாளில் ஒரு டைப்ரைட்டரைக்கூடத் தொட்டதில்லை. ஒரு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடினேன். தப்பாக விழுந்ததை எப்படி அழிப்பது என்று தெரியவில்லை. பாதி நேரம் போனபோது என் திரையில் இரண்டே வரிகள்தான் இருந்தன, அதிலும் ஒன்று தப்பு.

தேர்வாளர் பின்னால் வந்து நின்றார். கையில் என் பழைய மதிப்பெண்கள் இருந்த தாள். அதையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எல்லாத்துலயும் நல்ல மார்க் வாங்கியிருக்கியேம்மா. அனுப்புனதெல்லாம் யார் எழுதிக் குடுத்தது?”

அவர் கடுமையாகக் கேட்கவில்லை. அதனால்தான் அதிகமாக வலித்தது. நான்தான் எழுதினேன் என்றால் நம்புவதற்கு அந்த அறையில் எனக்கு யார் இருக்கிறார்கள்? பருப்பையும் சாக்பீஸையும் பற்றி அங்கே எப்படிச் சொல்வது? எனக்கு ஒரு கோடிங் ஷீட் கிடைக்குமா சார் என்று மட்டும் கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பக்கத்து அறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். ஒரு பெண் பழைய ஷீட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். என்னைவிட நாலைந்து வயது பெரியவளாக இருப்பாள். ஒல்லியாக, ஸ்வெட்டர் போட்டிருந்தாள். நான் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தேன். ஏழாவது கட்டத்திலிருந்து, கட்டத்துக்கு ஓர் எழுத்து. அதன்பிறகு கை தயங்கவில்லை. அவள் போகாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

“சார், இந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும்,” என்றாள். “விழுப்புரத்துலேர்ந்து வரும். ஒரு வருஷமா நான்தான் பஞ்ச் பண்றேன்.”

தேர்வாளர் அவளையும் பார்த்தார், ஷீட்டையும் பார்த்தார். சரி, எழுதி முடிம்மா, இவங்களே அடிக்கட்டும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோனார். நான் எழுதிக் கொடுக்கக் கொடுக்க அவள் என் நாற்காலியில் உட்கார்ந்து அடித்தாள். ஒரு தடவைதான் ஓட்டினோம். நான் கடைசித் தாளை அடுக்கி வைப்பதற்குள் விடை திரையில் நின்றது. சரியான விடை. வாரக்கணக்காகக் காத்திருந்தே பழகியவளுக்கு அது வந்த வேகத்தில் சந்தோஷப்படக்கூட நேரம் கிடைக்கவில்லை.

மத்தியானம் அவள் என்னைப் பஞ்ச் ரூமுக்குக் கூட்டிப்போய்த் தன் டிபன் பாக்ஸைத் திறந்து பாதி எலுமிச்சை சாதத்தை மூடியில் வைத்துக் கொடுத்தாள். அப்பாவுக்கு அம்மா கட்டிக் கொடுத்த சோறு இருந்தது. மெஷின்கள் ஏற்கெனவே உறை போட்டு மூடிக் கிடந்தன. பென்சிலில் எழுதியது நீங்கள்தானா அக்கா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். தனக்குப் புரோகிராமிங் தெரியாது, தப்பு எங்கே என்று மெஷினை ஓட்டும் ஆப்பரேட்டர் சொல்வார், அதைத் திருத்தி அட்டை போட்டுத் தருவது மட்டும்தான் தான் செய்தது என்றாள். எல்லோருக்கும் இப்படிச் செய்வீர்களா என்றேன். அவள் சிரித்தாள்.

“இல்ல. மத்த ஷீட்டெல்லாம் கோழி கிண்டுன மாதிரி இருக்கும். உன்னுது வந்தா கண்ணு வலிக்காது. அதுக்காக.”

எனக்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்த மாதத்திலிருந்து தன்னைக் கணக்குப் பிரிவுக்கு மாற்றுகிறார்கள் என்று சொன்னாள். புதிதாக ஏதாவது கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்கக் கூடாதா என்றேன். கேட்டாகிவிட்டது, டிகிரி வேண்டுமாம் என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவ எழுந்துபோனாள்.

பட்டப்படிப்பு முடிந்ததும் அதே நிறுவனத்தில் எனக்குப் பயிற்சி இடம் கிடைத்தது. அப்பாதான் அம்மாவைச் சம்மதிக்கவைத்தார். சென்னையில் பெண்கள் விடுதியில் தங்கினேன். போன முதல் நாளே அவளைத் தேடினேன். கல்யாணம் ஆகி வேலையை விட்டுவிட்டாள், எந்த ஊர் என்று தெரியாது என்றார்கள். பஞ்ச் ரூமில் பழைய நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தார்கள்.

டைப் அடிக்கச் சீக்கிரமே பழகிவிட்டேன். வேலை பிடித்திருந்தது. ஆனால் மற்றவர்கள் ஒருவருக்கொருவர் ஆங்கிலத்தில் கேலி பேசிச் சிரிக்கும்போது, நான் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சாப்பிடும் நேரத்தில் என் பக்கத்து இடத்தில் பெரும்பாலும் யாருடைய பையாவது இருக்கும்.

மாதம் ஒருமுறை ஊருக்குப் போவேன். அம்மா என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டு, நான் சொல்லச் சொல்லவே அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். திங்கட்கிழமை விடிகாலையில் அப்பா சைக்கிளில் பஸ்ஸுக்குக் கொண்டுவந்து விடுவார். ஒரு தடவை, பஸ்ஸின் ஹெட்லைட் தெரிந்தபிறகு கேட்டார்.

“அங்க உனுக்குப் பேசறதுக்கு ஆளு கீதாம்மா?”

இருக்கிறார்கள் அப்பா, நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றேன். அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அதையே கேட்டார், நானும் அதையே சொன்னேன். அது உண்மையாவதற்கு இரண்டு வருஷம் ஆயிற்று. கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒருத்தி புதிதாகச் சேர்ந்து, வேறு இடம் இல்லாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுத்துப் பலகையைக் காட்டி, இந்த எழுத்தெல்லாம் ஏன் வரிசையாக இல்லை என்று என்னைக் கேட்டாள்.