பதினொரு வீட்டுக்குப் போன செய்தி

அனலைதீவில் கடிதம் கொடுக்கும் ஞானசவுந்தரி அக்காவுக்குச் சிறுநீரகத்தில் தழும்பு விழுந்து மூன்று வருடமாகிறது. கந்தசட்டிக்கு ஆறு நாளும் தண்ணீரோடு மட்டும் இருப்பது அவரது இருபத்தேழு வருடப் பழக்கம். டொக்டர் வேண்டாமென்று சொல்லியிருந்ததால், இந்த வருடம் விரதம் பிடிப்பதா விடுவதா என்று தடுமாறிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கனடாவிலிருந்து அவரது சகோதரர் சுதாகரன் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார். பட்டினி கிடந்தால் உடம்பின் உயிரணுக்கள் தங்கள் கழிவைத் தாங்களே தின்று சுத்தமாகுமாம். சிறுநீரகத் தழும்பும் கரைந்துவிடுமாம். கனடா ஐயா எத்தனை நாள் பட்டினி கிடந்தார் என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. அக்கா வேலை செய்யும் தபாலகத்தின் உபதபாலதிபர் நான்; அந்த மரியாதைக்காக அடக்கிக்கொண்டேன். அக்காவோ முருகனே நேரில் வந்து சொன்னதுபோல விரதம் தொடங்கினார். போதாததற்கு அதைப் பதினொரு வீட்டுக்கு அனுப்பியும் விட்டார்.

நாலாம் நாள் காலை ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனை. நானும் துணைக்குப் படகேறினேன். சிறுநீரகம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் கிரியேற்றினின் 1.9 இலிருந்து 3.1 ஆக ஏறியிருந்தது.

டொக்டர் சத்தம் போடவில்லை. “அம்மா, உயிரணு தன்ர கழிவைத் தின்னுறது உண்மைதான். எலியளில அது சிறுநீரகத்தைக் காத்தும் இருக்கு, சில வேளை தழும்பைக் கூட்டியும் இருக்கு. அதை அளவாத் தூண்டுற மருந்தைத் தேடுகினம், இன்னும் எங்கட கைக்கு வரேல்லை. உங்கட சிறுநீரகம் பட்டினி தாங்காது. இப்ப நிப்பாட்டினா மிச்சத்தைக் காப்பாத்தலாம்.”

சேலைன் ஏற்றி, வார்டில் தங்கி நிற்கச் சொன்னார். அக்கா ஒரு நாள் தவணை கேட்டார்.

“பிழையான வீட்டில குடுத்த தபாலை நான்தானே போய்த் திருப்பி வாங்கோணும், டொக்டர். நாளைக்கு வந்து நிக்கிறன்.”

சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார் டொக்டர். நான் வாங்கிக் கொடுத்த இடியப்பப் பார்சல் படகிலும் அவிழவில்லை.

“ஊசியால ஏறினது விரதத்தை முறிக்காது, தம்பி” என்றார் அக்கா. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

கரை இறங்கியதும் சைக்கிளை எடுத்தார். விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் பின்னாலேயே போனேன். போனில் சொன்னால் என்ன என்று கேட்டபோதும் மிதித்துக்கொண்டேயிருந்தார். ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் நின்று, “நான் அனுப்பினது பிழை. நானே உடம்பு கெட்டுப்போய் வந்து சொல்லுறன்” என்றார். தன் பிழையை இப்படி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த ஒருவரை நான் பார்த்ததில்லை. அவரோடு வேலை செய்வதே எனக்குப் பெருமை.

பத்து வீட்டில் எவரும் விரதம் பிடித்திருக்கவில்லை. பதினோராவது சறோஜினிதேவி அக்கா வீடு. சீனி வருத்தக்காரி. இரத்தத்தில் சீனியைக் குறைக்கும் குளிசையையும் போட்டுக்கொண்டு விரதம் இருந்தார். கதிரையில் வேர்த்து வழிய, கை நடுங்க உட்கார்ந்திருந்தார்.

“இருபத்தேழு வருசம் நீர் முறிக்கேல்லை. என்னை மட்டும் முறிக்கச் சொல்லுறீரோ?”

ஞானசவுந்தரி அக்கா குசினிக்குப் போய்ச் சீனி அள்ளிப்போட்ட தேத்தண்ணியோடு வந்தார்.

“தம்பி, அந்தப் பார்சலை எடும்.”

அவிழ்த்துக் கொடுத்தேன். அக்கா கோயில் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, ஒரு இடியப்பத்தைப் பிய்த்துத் தன் வாயில் வைத்தார். விழுங்க நேரம் எடுத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணியை நீட்டினார்.

சறோஜினிதேவி அக்கா இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்.