மேலோடை மேலே இல்லை

பங்கேற்பு என்ற சொல்லை யாராவது மேடையில் சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. நல்ல சொல்தான், சொல்லின் மேல் குற்றமில்லை. எங்கள் ஊருக்கு அது வந்தபோது கூடவே டீயும் மிக்சரும் சார்ட் பேப்பரும் கலர் கலராக ஸ்கெட்ச் பேனாவும் வந்தன. எல்லாம் தீர்ந்து கடைசியில் மிஞ்சியது ஒரு தடுப்பணை. எந்த இடத்தில் தண்ணீரைத் தடுக்கக் கூடாது என்று ஐந்து ஊர் ஜனங்களும் சொன்னார்களோ, அந்த இடத்தில் நிற்கிறது. அதைக் கட்டச் சொன்ன காகிதத்தில் என் கையெழுத்து இருக்கிறது.

மாரண்டஹள்ளிப் பக்கம் எங்கள் ஊர். வடக்கே மலை. மலையிலிருந்து இரண்டு ஓடைகள் பக்கம் பக்கமாகத் தெற்கே இறங்குகின்றன. மேற்கே போவது மேலோடை, கிழக்கே போவது கீழோடை. மேற்கை மேல் என்பதும் கிழக்கைக் கீழ் என்பதும் எங்கள் வழக்கம். மேக்கால வூடு, கெழக்கால வூடு என்றால் நடை பழகும் பிள்ளைக்கும் புரியும். மற்றபடி ஒரு ஓடை உயரத்திலும் இன்னொன்று பள்ளத்திலும் ஓடவில்லை. மேலோடை எங்கள் ஊரைத் தாண்டி, மூன்று கிலோமீட்டர் தெற்கே இருக்கும் ஊரின் ஏரிக்குப் போய்ச் சேரும். கீழோடை எந்த ஏரிக்கும் போகாமல் பள்ளத்தில் விழுந்து ஆற்றோடு கலந்துவிடும்.

அந்த ஏரி ஊரில்தான் என் தங்கையைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். ஏரிக்குக் கீழே ஒரு கிணறு, கிணற்றை நம்பிக் கொஞ்சம் மல்பெரித் தோட்டம், தோட்டத்து ஓரத்தில் பட்டுப்புழு வளர்க்க ஒரு கொட்டகை. ஏரியில் தண்ணீர் நின்றால் கிணறு ஊறும். கிணறு ஊறினால்தான் புழுவுக்கு இலை. அவள் பிழைப்பு அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஓர் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வந்தார்கள். ஒரே மலைத் தண்ணீரைக் குடிக்கும் ஐந்து ஊர்களும் ஒன்றாக உட்கார்ந்து திட்டம் போட வேண்டும், விஞ்ஞானத்தோடு ஊர்க்காரர்களின் அனுபவத்தையும் சேர்க்க வேண்டும், வரும் தலைமுறைக்கும் தண்ணீர் மிஞ்ச வேண்டும் என்றார்கள். திட்டத்தில் ஒரு தடுப்பணையும் உண்டு, இடத்தை நீங்களே சொல்லுங்கள் என்றார்கள். அதில் எதையும் நான் இன்றைக்கும் மறுக்க மாட்டேன். அவர்களில் ஒரு பெண் விஞ்ஞானி, சென்னைக்காரர், ஒரு வருஷம் முழுக்க வெயிலில் அலைந்தார். ஐந்து ஊர்க் கிணறுகளிலும் நாடாவை இறக்கித் தண்ணீர் மட்டத்தை அளந்து நோட்டில் எழுதினார். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வருவார். அவரை வாய் நிறையத் திட்ட முடியாமல் போனதும் என் கோபத்தில் சேர்த்திதான்.

நான் தனியார் பள்ளியில் இருபது வருஷத்துக்கு மேல் இங்கிலீஷ் நடத்தியவன். பிள்ளைகள் ஒரு கமாவைத் தவறவிட்டாலும் சிவப்பு மையில் வட்டம் போடுவேன். அதனால் ஐந்து ஊர்க் குழுவுக்கு என்னையே செயலாளர் ஆக்கினார்கள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துதான் இருந்தது.

ஒரு நாள் பள்ளிக்கூட மைதானத்தில் கோலப்பொடியால் வரைபடம் போடச் சொன்னார்கள். மலைக்குப் பச்சை, வீடுகளுக்கு மஞ்சள், ஓடைகளுக்கு நீலம். பெண்கள் குனிந்து போட்டுக்கொண்டே சண்டையும் போட்டார்கள்: யார் வீடு எங்கே, எந்தக் கிணறு வற்றும், எது வற்றாது. என் தங்கை நீலப் பொடியை வாங்கி மேலோடையைத் தானே இழுத்து ஏரி வரைக்கும் கொண்டுபோனாள். நிமிர்ந்து அந்த விஞ்ஞானியிடம் சொன்னாள்.

"மேடம், இதைத் தொட்டுறாதீங்க. இது எங்க ஏரிக்கு வர்ற தண்ணிங்க. கட்டணும்னா கீழோடையில கட்டிக்கோங்க. அது சும்மாதானே போவுது."

ஐந்து ஊரும் ஆமாம் என்றது. திருவிழாத் தேதியில்கூட ஒத்துப்போகாத ஊர்கள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. விஞ்ஞானி நோட்டில் எழுதிக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். கை தட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், கலைந்தோம்.

பல மாதம் கழித்து ஜேசிபி வந்தது. ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாத இடம், எங்கள் ஊர் எல்லை முடிகிற மூலை. ஓடையைத் தூர் வாருகிறார்கள் என்று நினைத்தோம். தூர் வாருவதை யார் தடுப்பார்கள்? முழங்கால் உயரத்துக்குக் கான்கிரீட் எழும்பிய பிறகுதான் எனக்குத் தகவல் வந்தது. ஓடினேன். மேலோடைக்குக் குறுக்கே சுவர். ஏரிக்குப் போகிற வாய்க்கால் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்.

அங்கிருந்த என்ஜினியர் கோபப்படவே இல்லை. பிளாஸ்டிக் கவரிலிருந்து காகிதத்தை எடுத்துக் காட்டினார். "லோயர் ஸ்ட்ரீம்னு போட்டிருக்குதுங்க. ஓடையோட லோயர் பார்ட் இதுதானுங்களே? ஜனங்க கேட்ட எடம்னும் எழுதியிருக்குது. கீழ கையெழுத்து உங்களுதுதானே?"

என்னுடையதுதான். செயலாளராக எத்தனையோ காகிதத்தில் போட்டிருக்கிறேன், இது எப்போது போட்டது என்று யோசிக்கவும் தோன்றவில்லை. கீழோடை இங்கிலீஷில் லோயர் ஸ்ட்ரீம் ஆகியிருந்தது. மேலோடை அப்பர் ஸ்ட்ரீம். கிழக்கு, மேற்கு இரண்டையும் யாரோ சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து துடைத்துப் போட்டிருந்தார்கள். படித்தவர்களுக்கு இரண்டு ஓடையும் ஒரே ஓடையின் மேல்பாதி, கீழ்பாதி ஆகிவிட்டன; அந்த ஒரே ஓடை ஏரிக்குப் போகிறதுதான் என்று இங்கே வந்துவிட்டார்கள். நான் கத்தினேன். "எதுவா இருந்தாலும் ஆபீஸ்ல எழுதிக் குடுங்க சார்" என்று சொல்லிவிட்டு அவர் கலவை போடுகிறவர்களைப் பார்க்கத் திரும்பிவிட்டார். எழுதிக் கொடுத்தேன். தருமபுரிக்குப் போய்த் திங்கட்கிழமை மனு நாளில் வரிசையில் நின்றேன். ஒவ்வொரு முறையும் ரசீது கொடுத்தார்கள். ஒவ்வொரு ரசீது வாங்கி வரும்போதும் சுவர் கொஞ்சம் வளர்ந்திருந்தது.

நல்ல மழை பெய்திருந்தால் சுவரைத் தாண்டி வழிந்திருக்கும். அந்த வருஷம் பெய்ததெல்லாம் தூறல். வந்த தண்ணீர் சுவருக்குப் பின்னால், எங்கள் எல்லைக்குள்ளேயே தேங்கி இறங்கிவிட்டது. எங்கள் ஊர்க் கிணறுகளில் மட்டம் ஏறியது. ஏரியில் ஆடு மேய்ந்தது. ஏரி ஊர்க்காரர்கள் எங்களைத் திருடர்கள் என்றார்கள். கூட உட்கார்ந்து கை தட்டிவிட்டு முதுகில் குத்தியவர்கள் என்றார்கள். செயலாளர் யார், நான்தானே. அதனால் முதல் திருடனும் நான்தான்.

ஒரு மத்தியானம் மச்சான் போன் செய்தார். புழுக்கள் கடைசிப் பருவத்தில் இருக்கின்றன, இன்னும் ஒரு வாரம் தின்றால் கூடு கட்டிவிடும், தோட்டத்தில் இலை காய்ந்துவிட்டது, அக்கம்பக்கத்திலும் இல்லை என்றார். நான் எங்கள் ஊரில் இரண்டு தோட்டங்களில் கேட்டு, கொழுகொழுவென்று இருந்த இலையைச் சாக்கில் அடைத்து வண்டியில் கட்டிக்கொண்டு போனேன்.

தங்கை கொட்டகை வாசலில் நின்றாள். உள்ளே தட்டுத் தட்டாகப் புழுக்கள், தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் தேடிக்கொண்டிருந்தன. சாதாரணமாகக் கடைசிப் பருவத்தில் கொட்டகைக்குள் மழை பெய்வது மாதிரி சத்தம் கேட்கும், அவை தின்கிற சத்தம். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை.

"எங்க வெளஞ்ச இலைண்ணா இது?" என்றாள்.

"நம்ம ஊருல."

"எங்க ஏரித் தண்ணியில வெளஞ்சதை எனக்கே சீர் கொண்டாந்தியா? எடுத்துட்டுப் போ. பொறந்த வூட்டுச் சீரு போதும்."

நான் கெஞ்சினேன். மச்சானும் சொல்லிப் பார்த்தார். அவள் அசையவில்லை. மறுநாள் குழி தோண்டி அத்தனை புழுவையும் கொட்டி மூடினார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்கப்புறம் என் போனை அவள் எடுக்கவில்லை.

இப்படியிருக்கும்போது தருமபுரியில் ஒரு மண்டபத்தில் நிறைவுக் கருத்தரங்கு என்று அழைப்பு வந்தது. போனேன். வாசலில் பெரிய பிளெக்ஸ். அதில் எங்கள் மைதானம், கோலப்பொடி மலை, நீலப் பொடியோடு குனிந்திருக்கும் என் தங்கை. கீழே, மக்கள் பங்கேற்பின் வெற்றி. மேடையில் அந்த விஞ்ஞானி பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்தேன்.

"மேலோடைன்னா மேக்கால ஓடைங்க! மேல இருக்கற ஓடை இல்லை! ஒரு வார்த்தை எங்ககிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்போமே! வெளியில பிளெக்ஸ்ல நிக்கிறாளே, அவளோட கொட்டகைய வந்து பாருங்க!" இன்னும் என்னென்னவோ சொன்னேன். யாரோ மைக்கை அணைத்தார்கள். என் கையில் மைக்கே இல்லை என்பதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை.

விஞ்ஞானி பேச்சை நிறுத்தினார். மேடையிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்தார். சண்டைக்கு வரவில்லை.

"சார், தப்பு என்னுதுதான். ஆனா அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அந்த ரிப்போர்ட்டை உங்ககிட்ட குடுத்தேனே. தப்பு இருந்தா திருத்திக் குடுங்க, இங்கிலீஷ் வாத்தியார் நீங்கதான் இருக்கீங்கன்னு சொன்னேனே. பத்து நாள் கழிச்சு வந்து கேட்டப்ப நல்லாருக்குன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்களே, சார்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்பது சரியாக ஞாபகமில்லை.

பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் அதன் பிரதி இருந்தது. முதல் பக்கத்தில் ஐந்து ஊர்க்காரர்களுக்கு நடுவே நான் நிற்கும் போட்டோ. கையில் வந்த அன்றைக்கே அதை மனைவியிடம் காட்டினேன், பக்கத்து வீட்டில் காட்டினேன். உள்ளே திறக்கவில்லை. இப்போது திறந்தேன். நாலாவது பக்கத்திலேயே இருந்தது, லோயர் ஸ்ட்ரீம். பத்தாம் வகுப்புப் பையன் பரீட்சையில் எழுதியிருந்தால் நிமிஷத்தில் வட்டம் போட்டிருப்பேன்.

கோபம் இத்தோடு அடங்கிவிடும் என்று நினைத்தேன். அடங்கவில்லை, இரண்டு மடங்காகிவிட்டது. என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தயார். ஆனால் ஐந்து ஊரின் தண்ணீரை ஓர் இங்கிலீஷ் வாத்தியாரின் சோம்பலில் தொங்கவிட்டது யார்? தமிழில் நாலு பக்கம் எழுதி மைதானத்தில் படித்திருந்தால், கோலப்பொடி பிடித்த எந்தப் பெண்ணும் அங்கேயே நிறுத்தியிருப்பாளே. சொல்வதற்கு மட்டும் நாங்கள் வேண்டும், எழுதிய பிறகு சரிபார்க்க நாங்கள் வேண்டாம்.

மறுநாள் அந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நாலாவது பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள். இங்கிலீஷ் அவளுக்குத் தெரியாது.

"நீ திருடிட்டேன்னு நெனச்சப்பகூட இவ்ளோ வலிக்கலண்ணா" என்றாள். "படிக்கவே இல்லியா?"

பிறகு சில மாதங்களில், அந்த விஞ்ஞானி நடையாய் நடந்ததில், சுவரில் மதகு வைத்துத் திறக்க நிறுவனம் ஒத்துக்கொண்டது. முதல் மழைத் தண்ணீர் ஏரிக்கு, ஏரி நிறைந்த பிறகே மதகை மூடுவது என்று முடிவானது. கையெழுத்து வாங்க ஏரி ஊரில் கூட்டம். தமிழில் எழுதி, எல்லார் முன்னாலும் படிக்காமல் ஒருத்தரும் கையெழுத்துப் போட மாட்டோம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். படிக்க வேண்டியவன் நான் என்றும் சொல்லிவிட்டார்கள்.

விஞ்ஞானி கொடுத்த காகிதத்தை வாங்கிப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டு வரி போயிருக்கும்.

"நிறுத்துங்க வாத்தியாரே."

என் தங்கை எழுந்து நின்றாள். பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவள் என்னை அண்ணா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"மேலோடைன்னு படிச்சீங்களே, அது மேலயா, மேக்காலயா?"

"மேக்கால."

"அப்ப மேக்காலன்னே எழுதுங்க. எழுதிட்டு மொதல்ல இருந்து படிங்க."

சட்டைப்பையில் சிவப்புப் பேனாதான் இருந்தது. மேற்கு ஓடை என்று எழுதிவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன். படித்து முடிக்கும் வரைக்கும் அவள் உட்காரவில்லை.