இருதயமேரி தைத்த சூட்டுச் சட்டை

கத்திரி வெயிலில் திண்டிவனத்தில் ஒருத்தி உட்கார்ந்து உடம்பைச் சூடாக்கும் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பக்கத்துக் கடையில் உட்கார்ந்து கண்ணால் பார்த்த நானே முதலில் நம்பவில்லை. ரோட்டில் தார் உருகுகிறது. என் செல்போன் சர்வீஸ் கடை ஃபேன் அனலை என் முகத்திலேயே அடிக்கிறது. இவள் என்னடாவென்றால் எட்டிப் பார்த்து, "அருணா, இது இன்னும் கொஞ்சம் சூடாவுமா?" என்று கேட்கிறாள். வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

இருதயமேரி லேடீஸ் டெய்லர். மயிலத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரி. அவள் தைத்த ரவிக்கை இறுக்குகிறது என்று ஒருத்தியும் திரும்பி வந்தது கிடையாது. உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத்தான் தைப்பாள். கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கையை இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் பிரித்து விட்டுப் போட்டுக்கொள்ளலாம். "உடம்பு பெருக்கும், துணி பெருக்குமா?" என்பாள். குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவாள். கேட்கிற நமக்குத்தான் பயமாக இருக்கும்.

அவள் வீட்டுக்காரர் சவுரிராயன். கல்யாணமான நாளிலிருந்து வருஷத்தில் பாதி கர்நாடகாவில் கரும்பு வெட்டப் போய்விடுவார். இவர்கள் குடித்தனமே போனில்தான் நடந்தது. அந்தப் போன்களுக்கு நான்தான் டிஸ்ப்ளே மாற்றித் தருவேன், அதனால் எனக்குத் தெரியும். போன வருஷம் ஊருக்கு வெளியே உள்ள குளிர்கிடங்கில் அவருக்கு வேலை கிடைத்தது. உறைய வைத்த மீன், காய்கறிப் பெட்டிகளை அடுக்கி இறக்கும் வேலை. மே மாதத்தில் மைனஸ் பதினெட்டில் வேலை என்றால் ஊரே பொறாமைப்படாதா? "சவுரிக்கு வாழ்வுதான்யா, ஏசியில ஒக்காந்துக்கினு சம்பளம் வாங்குறான்" என்று டீக்கடையில் கிண்டல் வேறு.

ஏசி இல்லை, ஐஸ்பெட்டி. கிண்டல் செய்தவர்களில் ஒருத்தன் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கம்பெனியில் தடியான ஜாக்கெட் தருகிறார்கள்தான். எல்லோருக்கும் ஒரே அளவு. சவுரி அண்ணன் கத்திரிக்கோல் மாதிரி ஒல்லி உடம்பு. ஜாக்கெட் ஒரு பக்கம் தொங்கும், அவர் ஒரு பக்கம் நிற்பார். முதுகு இழுத்துப் பிடித்துக்கொள்ளும், விரல் நுனி வெளுத்து மரத்துப்போகும், பெட்டி கைநழுவும். அடிக்கடி வெளியே வந்து வெயிலில் நின்றுவிட்டுத்தான் மறுபடி உள்ளே போவார். சூப்பர்வைசர் குமரேசன் தங்கமான ஆள், ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது. "அடுத்த வாரம் திங்கக்கெழம பெரிய லோடு வருது சவுரி. அது முடியிற வரைக்கும் உள்ளயே நிக்கணும். முடியலன்னா நான் வேற ஆளப் போட்டுக்கறேன், தப்பா நெனைக்காத" என்று சொல்லிவிட்டார். கரும்பு மேஸ்திரி சின்னதுரைக்கு இது எப்படித்தான் மூக்கில் வேர்த்ததோ! அதே திங்கட்கிழமை சாயங்காலம் கர்நாடகாவுக்கு வண்டி புறப்படுகிறது, ஒரு இடம் வைத்திருக்கிறேன் என்று போன் செய்துவிட்டான்.

அன்றைக்குத்தான் இருதயமேரி என் கடைக்குள் வந்து உட்கார்ந்தாள். குண்டூசி இல்லாத வாய்.

"அவரு மறுபடியும் போனா என்னால தாங்க முடியாது அருணா. சொல்ல வெக்கமாத்தான் கீது. இந்த ஒரு வருஷமாத்தான் எனக்குப் புருசன்னு ஒருத்தரு தெனமும் ஊட்டுக்கு வர்றாரு."

நான் என்ன செய்ய முடியும்? எனக்குத் தெரிந்தது பேட்டரியும் ஒயரும். ஆன்லைனில் தேடி, மெல்லிசான துணிபோல இருக்கும் சூட்டுத் தகடு ஒன்று வரவழைத்தேன். பவர்பேங்கில் சொருகினால் சுடும். அதை வைத்து ஜாக்கெட்டுக்கு உள்ளே போட ஒரு சட்டை தைப்பது தன் வேலை என்றாள்.

முதல் சட்டை படுதோல்வி. தகட்டை நெஞ்சுப் பக்கம் வைத்து, வழக்கப்படி உள்ளே இரண்டு விரல் துணி விட்டு, தொளதொளவென்று தைத்திருந்தாள். போட்டுக்கொண்டு போன மனுஷன் சாயங்காலம் வந்து, "முன்னாடி அடுப்பு, பின்னாடி ஐஸு. நடுவுல நான்" என்றார். தொளதொளப்புக்குள் காற்று புகுந்து சூட்டை எல்லாம் கொண்டுபோயிருக்கிறது. உடம்போடு ஒட்டினால்தான் சூடு ஏறும். இருதயமேரிக்கு அது கொலைபாதகம் மாதிரி. "என் கையால புடிச்சுத் தைக்கணுமா?" என்று புலம்பிக்கொண்டே தைத்தாள். தகட்டை முதுகுக்கு மாற்றினாள். பவர்பேங்க் வெளிப்பையில் குளிர்ந்து செத்துப்போனது, அதை உள்ளே விலாப்பக்கம் வைத்தாள். தடிக் கையுறை போட்ட விரலுக்கு அந்தப் பொடி சுவிட்ச் அகப்படவில்லை, அதன்மேல் ஒரு பெரிய கோட்டுப் பட்டனை ஒட்டினாள். அண்ணன் ஆசைப்பட்டு முழுச் சூட்டில் வைத்துக்கொண்டு வேர்த்துக் கொட்டி, வேர்வை குளிர்ந்து, முன்னைவிட அதிகம் நடுங்கினார். குறைந்த சூடே போதும் என்று அதில் தெரிந்தது. சனிக்கிழமை வந்து, "நல்லா கீது. முதுவுல வெயிலு அடிக்கிற மாரி கீது" என்றார். எங்கள் ஊரில் வெயிலைப் பாராட்டிப் பேசிய முதல் மனுஷன் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசை முடிந்து வந்ததும் இருதயமேரி என்னைப் போனில் கூப்பிட்டாள். "ஜல்தி வா" என்றாள், வேறு ஒன்றும் சொல்லவில்லை. போனேன். வீட்டுக் கொல்லையில் துவைக்கிற கல். கல்லுக்குப் பக்கத்தில் சவுரி அண்ணன், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையனாக நிற்கிறார். கொடியில் சட்டை சொட்டிக்கொண்டிருக்கிறது.

"இன்னாண்ணே பண்ணீங்க?"

"வேர்வை நாத்தம் அடிச்சுது. நாளிக்குப் பெரிய ஆளுங்கல்லாம் வருவாங்கன்னு தொவைச்சேன்."

"பவர்பேங்கு?"

"அத எடுத்துட்டேன். எனக்கு அது கூடவா தெரியாது?"

பவர்பேங்கை எடுத்திருக்கிறார். தகட்டை விட்டுவிட்டார். சோப்புத்தூளில் ஊற வைத்து, கல்லில் நாலு சாத்து சாத்தி, முறுக்கிப் பிழிந்திருக்கிறார். கரும்புக் கொட்டகையில் தன் துணியைத் தானே துவைத்துப் பழகிய கை, ஒரு சாத்தையும் குறைத்துச் சாத்தாது. தகட்டுக்குள் ஒயரெல்லாம் அறுந்திருந்தது. எனக்குக் கோபம் வந்தது. நாக்கில் சனி இருக்கிறதே எனக்கு, "கரெண்டு போற துணியக் கல்லுல அடிக்கிற மனுசன இன்னிக்குத்தான் பாக்குறேன். உங்களுக்குக் கர்நாடகாதான் லாயக்கு" என்று கத்திவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. சொல்லியிருக்கக் கூடாது.

இருதயமேரி கத்தவில்லை. ஈரச் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அவர ஏன் திட்டுற? துணின்னா தொவைக்கத்தான் செய்வாங்க. தொவைக்க முடியாத துணியத் தைச்சுக் குடுத்தது நானு."

அவள் அடுத்துச் சொன்னதுதான் விஷயம். "பாவாடையில நாடா கோக்குறோம்ல? அது மாரி அந்தத் தகட்ட ஊக்குல கோத்து உள்ள இழுக்கணும். தொவைக்கறப்ப உருவிடணும். வேற தகடு கெடைக்குமா?"

ஞாயிற்றுக்கிழமை எந்த ஆன்லைன்காரன் வருவான்? அப்போதுதான் விழுப்புரத்தில் இருக்கிற என் மாமியார் ராஜாமணியின் முட்டி ஞாபகம் வந்தது. தீபாவளிக்கு ஜோடியாக வாங்கிக் கொடுத்த முட்டிப் பெல்ட், அதே பவர்பேங்கில் சூடாகிற தகடு வைத்தது. பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்ற நேரமெல்லாம், வாங்கிக் கொடுத்ததை எப்படித் திரும்பக் கேட்பது என்று ஒத்திகை பார்த்தேன். ஒத்திகை ஒன்றும் உதவவில்லை.

"குடுத்தத புடுங்கிக்கினு போவ விழுப்புரம் வரைக்கும் வந்தியா?" என்றார் மாமியார்.

முழுக்கதையையும் சொன்னேன். கரும்பு, குளிர், துவைக்கிற கல், எல்லாம். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு பெல்ட்டைக் கழற்றினார்.

"வலது முட்டிய எடுத்துக்கினு போ. எடதுதான் எனக்குப் பேஜாரு, அதக் கேக்காத. அந்தப் பொண்ணு புருசன் ஊட்டுலயே இருக்கட்டும்."

என் மாமியாரைப் பற்றி இதுவரை நான் சொன்ன எல்லாவற்றிலும் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பொழுது இருக்கும்போதே திரும்பி வந்தேன். பெல்ட்டைப் பிரித்துத் தகட்டை எடுத்துக் கொடுத்தேன். அது மடங்காமல் இருக்க அவள் அதற்கு ஒரு நீளத் துணி உறை தைத்து, நுனியில் வளையம் வைத்தாள். சட்டை முதுகில் உட்பக்கமாக அகலப் பட்டி அடித்தாள். வளையத்தில் ஊக்கைக் குத்தி மேலிருந்து கீழே இழுத்தால் தகடு வந்து உட்காருகிறது, வளையத்தைப் பிடித்து உருவினால் வந்துவிடுகிறது. அதோடு நிற்கவில்லை. தகட்டை உருவிவிட்டுச் சட்டையை எடுத்துப்போய் அவளே கல்லில் சாத்தினாள், அவரைவிட பலமாக. அந்த வெயிலுக்கு ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிட்டது. மறுபடி கோத்து, பட்டனை அழுத்தினாள். சூடாகியது.

"இப்ப நீயே கோத்துப் பாருய்யா" என்று வீட்டுக்காரர் கையில் ஊக்கைக் கொடுத்தாள். அவர் முதல் முறையிலேயே கோத்துவிட்டார். யாரும் கேட்காமலே, "நான் சொன்னத மனசுல வெச்சுக்காதீங்கண்ணே" என்றேன். "இன்னா சொன்ன?" என்றார். அப்படிப்பட்ட ஆள்.

திங்கட்கிழமை எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒருத்தர் போனுக்கு இன்னொருத்தர் பின்மூடியை மாட்டிக் கொடுத்து வசவு வாங்கினேன். இருதயமேரி தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள். ரோட்டில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் அவள் கால் மிதிப்பதை நிறுத்திவிடும். வண்டி தாண்டிப் போனதும் மறுபடி மிதிப்பாள்.

சாயங்காலம் சவுரி அண்ணன் வந்தார். வண்டியை நிறுத்தினார், அவள் கடை ஸ்டூலில் உட்கார்ந்தார், தண்ணீர் கேட்டார், குடித்தார். வாயைத் திறக்கவில்லை. இந்த ஆம்பிளைகளை என்ன செய்வது?

"இன்னாண்ணே ஆச்சு? சொல்லித் தொலைங்க!" என்று நான் ஓடிப்போய்க் கத்தினேன்.

"லோடு முடிஞ்சப்புறம்தான் வெளிய வந்தேன்" என்றார். அவ்வளவுதான்.

அவர் போன் அடித்தது. சின்னதுரை. காதில் வைக்கிற பக்கம் கெட்டுப்போய் என்னிடம் வரவேண்டிய போன் அது, ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும்.

"வண்டி கெளம்பப் போவுது சவுரி. எங்க கீற?"

"நான் வரல மேஸ்திரி. என் எடத்த வேற யாருக்கனா குடுத்துடு."

"ஏன்டா? ஒடம்பு சரியில்லியா?"

"ஒடம்பு நல்லா கீது. நான் ஊட்டுல இருக்கப் போறேன்."

போனைச் சட்டைப்பையில் போட்டார். இருதயமேரி அவரைப் பார்க்கவில்லை. தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையின் நூலை அறுத்தாள். பிறகு ரொம்ப சாதாரணமாக, "ராத்திரிக்கு இன்னா ஆக்கட்டும்?" என்று கேட்டாள்.

"எது வேணா ஆக்கு. இனிமே தெனமும் இங்கதான சாப்புடப் போறேன்" என்றார்.

அவள் மிஷின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, எழுந்துபோய் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். எத்தனை வருஷத்து அழுகையோ, நன்றாக அழட்டும் என்று நான் என் கடைக்கு வந்துவிட்டேன்.